நடைபாதைக் குடும்பங்களுக்காக அறக்கட்டளை தொடங்குகிறீர்களா? பத்திரம் முதல் வாடகை வீடு வரை

ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சாம்பார் சாதம் கிளறி, சென்னை வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் வசிக்கும் குடும்பங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருடம் கொடுத்தோம். அதே குடும்பங்கள் அதே தார்ப்பாய்க்கு அடியிலேயே இருந்தன. ஒரு நாள் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் கை வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "சோறு யாராவது குடுத்துடறாங்க தம்பி. ரேஷன் கார்டுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்களேன்."

அதன் பிறகுதான் முறையாக ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூரைக்குக் கீழே கொண்டுபோகும் வேலையில் இறங்கினோம். பதிவும் வரிவிலக்கும் முடியவே எங்களுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. வரிசை தெரிந்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். மீதி ஒன்பது மாதம் நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இது சென்னை அனுபவம். மற்ற மாவட்டங்களில் அலுவலகப் பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

1. முதல் மாதம்: பாத்திரத்தை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் போங்கள். பகலில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த இடத்தில் உண்மையில் யார் தூங்குகிறார்கள் என்பது இரவில்தான் தெரியும். குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் யார், என்ன வயது, ஆதார் உண்டா, ரேஷன் அட்டை உண்டா, இருந்தால் எந்த ஊரில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, என்ன வேலை, எங்கே வேலை. இவ்வளவு போதும். முதல் நாளே எல்லாவற்றையும் கேட்காதீர்கள். போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள்.

எங்கள் நோட்டில் 17 குடும்பங்கள் வந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய சிக்கல் இல்லை என்பதுதான் எங்களுக்கு முதல் அதிர்ச்சி. பக்கத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும், மதியம் முட்டையோடு சத்துணவும் கிடைக்கிறது. இல்லாமல் தவித்தது வேறு: கைக்குழந்தைக்குப் பால், வேலை கிடைக்காத மழை நாட்களில் இரவுச் சாப்பாடு, பள்ளியில் சேராத பிள்ளைகளுக்கு எல்லா வேளையும். ஞாயிறு மதியம் நாங்கள் கொடுத்த சாம்பார் சாதம் பெரும்பாலும் அன்றைக்கு வந்த மூன்றாவது பொட்டலம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே இந்தக் கணக்கெடுப்பைத் தவிர்க்காதீர்கள். பத்திரத்தில் நோக்கம் என்று எதை எழுதப்போகிறீர்கள் என்பதும் இதிலிருந்துதான் வரும்.

2. டிரஸ்ட்டா, சங்கமா, கம்பெனியா?

மூன்று வழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் பொது அறக்கட்டளை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கம், இதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனி, இதற்குக் கம்பெனி செக்ரட்டரி செலவு வருடாவருடம் இருக்கும். மூன்று நான்கு பேராக ஒரு தெருவில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு டிரஸ்ட் போதும். இதில் ரொம்ப யோசித்து ஒரு மாதத்தை விடாதீர்கள், நாங்கள் விட்டோம்.

3. டிரஸ்ட் பத்திரம்: இங்கேதான் அவசரப்படக் கூடாது

எங்கள் ஒன்பது மாதத்தில் ஆறு மாதம் போனது பத்திரத்தில் விட்டுப்போன ஒரே ஒரு பத்தியால். பத்திரம் எழுதிக் கொடுத்தவர் வேறு ஏதோ டிரஸ்ட்டின் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதில் கலைப்பு விதி இல்லை. வரிவிலக்குக்கு விண்ணப்பித்தபோது கேள்வி வந்தது. திருத்தப் பத்திரம் எழுதி, பதிவு செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பத்திரத்தில் இவை இருக்கின்றனவா என்று நீங்களே வரி வரியாகப் படித்துப் பாருங்கள்:

கலைப்பு விதி. டிரஸ்ட்டைக் கலைத்தால் மிச்சமிருக்கும் சொத்து இதே நோக்கமுள்ள, வரிவிலக்குப் பதிவு பெற்ற இன்னொரு டிரஸ்ட்டுக்குத்தான் போகும், நிறுவியவர்களுக்குத் திரும்பாது என்று தெளிவாக இருக்க வேண்டும்.

டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்ற வரி.

நோக்கம். "ஏழைகளுக்கு உணவு, உறைவிடம், கல்வி, மருத்துவ உதவி" என்று பச்சையாக எழுதுங்கள். குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று ஒரு சொல் வந்தாலும், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவு கிடைக்காது. "உலகெங்கும் உள்ள" என்று பெருமைக்கு எழுதிவிடாதீர்கள், இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவுக்கு விலக்குக் கேட்பது தனித் தலைவலி.

அறங்காவலர் ஒருவர் விலகினால், இறந்தால் அடுத்தவரை எப்படி நியமிப்பது. பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு. வங்கிக் கணக்கில் எத்தனை பேர் கையெழுத்து. மூன்றில் இருவர் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் ஊருக்குப் போனால் வேலை நின்றுவிடும். மூவரும் என்றால் தினமும் நின்றுவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: நிறுவுபவர், அறங்காவலர்கள் அனைவரின் ஆதார், பான், பாஸ்போர்ட் அளவு போட்டோ, அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள், டிரஸ்ட் முகவரிக்கு மின்கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது, அந்த வீடு வேறொருவர் பெயரில் இருந்தால் அவரிடமிருந்து ஆட்சேபமின்மைக் கடிதம். இந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் வீட்டுக்காரர், "இதுல வீட்டுக்கு ஏதும் வில்லங்கம் வராதே?" என்று யோசிக்க ஆரம்பித்து இரண்டு வாரம் இழுப்பார்.

செலவு: தொடக்க நிதியாக 1,000 ரூபாய் காட்டினால் போதும். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன, எனவே டோக்கன் போடும் நாளன்று பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுத எங்களிடம் முதலில் கேட்டது 12,000 ரூபாய். நாலு இடம் விசாரித்த பிறகு 5,000-க்கு முடிந்தது. மேலே சொன்ன விதிகளை நீங்களே தமிழில் எழுதிக்கொண்டு போனால் பேரம் பேசவும் வசதி.

முகூர்த்த நாளில் டோக்கன் போடாதீர்கள். அன்றைக்கு மனை வாங்குபவர்கள் கூட்டம் அலைமோதும், உங்கள் முறை வரும்போது சர்வர் நின்றிருக்கும். அப்புறம், நிலம் சேராத டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தின் நான்காம் பதிவுப் புத்தகத்தில் பதிவாகும். அதன் நகலைச் சம்பந்தப்பட்டவர்கள்தான் கேட்டு வாங்க முடியும். அதனால் சான்றிட்ட நகல் இரண்டுக்கு உடனே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசலை எங்கேயும் கொடுக்காதீர்கள்.

4. பான் அட்டையும் வங்கிக் கணக்கும்

பத்திரம் கைக்கு வந்ததும் டிரஸ்ட் பெயரில் பான். அட்டை வீட்டுக்கு வர 107 ரூபாய். இங்கே ஒரே எச்சரிக்கை எழுத்துதான். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பத்திரத்திலேயே குறித்துவிடுங்கள். 'அறக்கட்டளை' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஏழெட்டு விதம் இருக்கிறது. பத்திரத்தில் ஒன்று, பானில் ஒன்று, வங்கியில் ஒன்று என்றானால், பிறகு ஒவ்வொரு இணையதளமும் 'பெயர் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பும்.

வங்கிக்குப் பத்திரம், பான், அறங்காவலர்களின் அடையாளச் சான்று, கணக்குத் தொடங்கும் தீர்மானம் ஆகியவை வேண்டும். நாங்கள் போன முதல் வங்கிக் கிளையில், "வரிவிலக்குச் சான்று கொண்டுவாங்க, அப்புறம் கணக்கு" என்றார்கள். வரிவிலக்குக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்களே என்றால் அதற்குப் பதில் இல்லை. மூன்றாவது கிளையில் பத்து நாளில் முடிந்தது. ஒரே இடத்தில் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள்.

கணக்கு வரும்வரை நன்கொடை வாங்காதீர்கள். "என் ஜிபேக்கு அனுப்புங்க, பிறகு மாத்திக்கலாம்" என்று ஆரம்பிப்பது எளிது. வருமானவரிக்கு அது உங்கள் சொந்தப் பணம், நண்பர்களுக்கு அது சந்தேகம்.

5. 12ஏ, 80ஜி

எல்லோரும் '12ஏ, 80ஜி' என்று சொல்வது 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் எண்கள். 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, அதில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டர்கள் இன்னும் பழைய பெயரில்தான் பேசுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்; விண்ணப்பிக்கும்போது இணையதளத்தில் புதுப் படிவ எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிவு டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு. இரண்டாவது, உங்களுக்குக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் கழிவு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் கூலிதான் செலவு. முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, மூன்று ஆண்டுக்கு. கையில் வந்ததும் பிரேம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடுபவர்கள் அதிகம். வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் முதல் வாரமே சோறு போடத் தொடங்கிவிடுவீர்கள், ஆகவே உங்களுக்குப் பொருந்துவது முதல் கெடுதான். போன் காலண்டரில் மூன்று இடத்தில் குறித்து வையுங்கள். அந்த விண்ணப்பத்துக்கு வேலையின் ரசீதுகள், கணக்கு, போட்டோ எல்லாம் கேட்பார்கள். போட்டோ என்றால் சமைக்கிற படம், அரிசி மூட்டை இறக்குகிற படம் போதும். வாங்குகிறவர் முகம் தேவையில்லை.

80ஜி கிடைத்த பிறகு இரண்டு விஷயம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்குக் கழிவு கிடையாது. எனவே பெரிய தொகையை வங்கி வழியாகக் கேளுங்கள். கொடுக்கும்போதே பான் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். மே மாதம் உட்கார்ந்து நாற்பது பேருக்குப் போன் போட்டு பான் எண் கேட்ட அனுபவம் எனக்கு இருக்கிறது. பாதிப் பேர் எடுக்கவில்லை, மோசடிக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

தொண்டு நிறுவனங்களுக்கான, நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் பதிவு இலவசம். அறங்காவலர் எல்லோருடைய பான் எண்ணும் வேண்டும். ஒரு மாலையில் முடியும் வேலை, முடித்துவிடுங்கள்.

6. வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

நம்மில் யாருக்கு டொரண்டோவிலோ லண்டனிலோ ஒரு சொந்தக்காரர் இல்லை? வேலையைக் கேள்விப்பட்டதும் அவர்கள்தான் முதலில் "அக்கவுண்ட் நம்பர் அனுப்பு" என்பார்கள். அனுப்பாதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை அல்ல. வங்கி வழியாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆள் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், சென்னைக்கு வந்து கையில் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ்ப் பதிவு இல்லாமல் வாங்குவது குற்றம். அந்தப் பதிவுக்கு டிரஸ்ட் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். புதிய சிறு டிரஸ்ட்டுக்கு இது இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். என் சித்தப்பா மகன் ஒருவன் இதனால் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

7. சமையல்

லாபத்துக்கோ இலவசத்துக்கோ, தொடர்ந்து சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு அளவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளம், 2,000 ரூபாய் கேட்கும்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை எடுப்பதாக இருந்தால், 2019-ஆம் ஆண்டின் உபரி உணவு விதிமுறைகள் இருக்கின்றன, ஒருமுறை படித்துவிடுங்கள். என் பங்குக்குச் சொல்வது: பந்தி முடிந்த பிறகு போகாதீர்கள். கடைசிப் பந்திக்கு முன்பே போய் சமையல் மாஸ்டரிடம், அண்டாவிலேயே இருக்கிற, இலைக்குப் போகாத சாதத்தை மட்டும் வாங்குங்கள். தேங்காய் அரைத்துவிட்ட எதையும், அவியல், கூட்டு, சட்னி, தொடாதீர்கள், மதியம் செய்தது சாயங்காலம் நூல் கட்டிவிடும். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதோடு உங்கள் பெயர் அந்தத் தெருவில் முடிந்தது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கவரில் சாம்பார் கட்டிக்கொண்டு போனால் அபராதம் கட்ட நேரிடும். தட்டும் தூக்கும் அவர்களிடமே இருக்கும், கொண்டுவரச் சொல்லி ஊற்றிக் கொடுங்கள். கௌரவமாகவும் இருக்கும், செலவும் மிச்சம்.

8. குடும்பத்தின் காகிதங்கள்

இனிமேல்தான் நிஜமான வேலை. ஒரு ஞாயிற்றுச் சமையலுக்கு எங்களுக்கு ஆன செலவு கிட்டத்தட்ட 3,500 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு எல்லாக் காகிதமும் எடுத்துக் கொடுக்க மொத்தமாகவே அதைவிடக் குறைவுதான் ஆனது. ஆனால் ஆறேழு நாள் யாராவது ஒருவர் லீவு போட்டுக் கூடவே போக வேண்டும். பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், லீவு போட ஆள் தேடுங்கள்.

முதலில் ஆதார். முகவரியே இல்லாதவருக்கு எப்படி என்றால், ஆதார் ஆணையம் ஒரு சான்றளிப்புப் படிவம் வைத்திருக்கிறது. மாமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், தாசில்தார், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்கள் அதில் கையெழுத்திட்டால் அதுவே சான்று. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரும், அங்கே தங்கியிருப்பவருக்குக் கொடுக்கலாம். வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்தால் போதும், போட்டோ ஒட்டி அதன்மேலும் சேர்த்துக் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும். தேதி போடாமல் வாங்கிவந்து நாங்கள் ஒருமுறை திரும்பினோம். புதுப் பதிவு இலவசம். யாராவது காசு கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

பாத்திரம் தேய்க்கிறவர்கள், சித்தாள் வேலை செய்கிறவர்கள், பாரம் இழுக்கிறவர்கள் ஆகியோருக்குக் கைரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் எடுக்காது. முந்தின நாள் இரவு கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு அழைத்துப்போனோம், சிலருக்கு வேலை செய்தது. கருவிழிப் பதிவு நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ரேஷன் கடையில் ரேகை விழாத நாளில் அதுதான் கைகொடுக்கும்.

அடுத்து போன் எண். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நடைபாதையில் போன் திருடு போவது வாடிக்கை, சிம் அட்டை பெரும்பாலும் வேறு யார் பெயரிலாவது இருக்கும். ஓடிபி வராமல் எந்த விண்ணப்பமும் நகராது. ஆதார் வந்த கையோடு அவர்கள் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணை ஆதாரில் சேருங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து உதவலாம் என்று நினைக்காதீர்கள். எட்டுக் குடும்பத்தின் ஓடிபி என் போனுக்கு வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

ரேஷன் அட்டை. உணவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பம். குடும்பத் தலைவி போட்டோ, எல்லோருடைய ஆதார், முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் முகவரிச் சான்றாகச் செல்லும், அதனால்தான் அடுத்த தலைப்பில் வரும் வீடும் இதுவும் சேர்ந்தே நகர வேண்டும். பெரிய முட்டுக்கட்டை பழைய பெயர். "எங்களுக்கு கார்டே இல்ல சார்" என்பார்கள். விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும். பார்த்தால் அந்தப் பெண்ணின் பெயர் திண்டிவனம் பக்கம் அப்பா வீட்டு அட்டையில் இன்னும் இருக்கும். முதலில் அங்கே பெயர் நீக்கம் செய்ய வேண்டும், அதற்கு அந்த அட்டையின் குடும்பத் தலைவர் சம்மதித்து ஓடிபி தர வேண்டும், அவரோ பத்து வருடமாக மகளோடு பேசாதவராக இருப்பார். நான் போய்ப் பேசிய ஒரு அப்பா, நீக்கத்துக்குச் சம்மதித்ததோடு ஒரு மூட்டை மணிலாக்கொட்டையும் கொடுத்தனுப்பினார். எல்லா அப்பாவும் அப்படி இல்லை.

விசாரணைக்கு ஆள் வரும் நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். தாமதமானால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சென்னையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் குறைதீர் முகாம் நடக்கும், நேரில் போனால் காரணமாவது தெரியும். அட்டை வந்ததும் மகளிர் உரிமைத் தொகை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும். அட்டை இல்லாமல் இவை எதற்கும் வரிசையில்கூட நிற்க முடியாது.

பிள்ளைகள். பிறப்புச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனவே சான்றுக்காகக் காத்திருக்காமல் சேர்த்துவிடுங்கள், இரண்டு வேளைச் சாப்பாடு அன்றைக்கே உறுதியாகிவிடும். சான்றைத் தனியாகத் தேடலாம். அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் பதிவு இருக்கும், பெயர் மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். பதிவே ஆகாமல் ஓராண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும், அதற்கு நாலைந்து மாதம் ஒதுக்குங்கள்.

வாக்காளர் அட்டை. வீடற்றவருக்கு முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. படிவம் 6 கொடுக்கும்போதே இதை நினைவூட்டுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை அலுவலகத்தில் வையுங்கள். அசலை அவர்களிடமே கொடுங்கள், பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மழையில் நனையாமல் இருக்க நாங்கள் ஆளுக்கொரு மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பூக்கட்டும் பாட்டி, காகிதத்தை மடித்து ரவிக்கைத் துணியில் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்.

9. கூரை

மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன, இலவசம். தனியாக இருக்கும் முதியவருக்கும், கைவிடப்பட்ட பெண்ணுக்கும் முதலில் அதைத்தான் கேளுங்கள். குடும்பங்களுக்குச் சிக்கல்: பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஓரிடம், பெஞ்சாதி பிள்ளைகள் ஓரிடம் என்றால் யாரும் வர மாட்டார்கள், நாமும் போக மாட்டோம்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு கிடைத்தால் நல்லது. ஆனால் காலையில் நாலு மணிக்குப் பூக்கடைச் சந்துக்கு வர வேண்டிய ஒருவருக்கு, வாரியக் குடியிருப்புகள் இருக்கும் பெரும்பாக்கம் என்பது வேறு ஊர். எங்கள் பட்டியலில் ஒரு குடும்பம் தூரமாக வாடகைக்குப் போய் மூன்றே மாதத்தில் நடைபாதைக்குத் திரும்பியது. வீட்டைத் தேர்ந்தது நாங்கள்தான், வாடகை குறைவு என்று. வீட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

வாடகைக்குத் தடை அட்வான்ஸ்தான். மாதம் 4,500 கொடுக்க முடிகிற குடும்பத்தால் 30,000 புரட்ட முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பார்கள், சட்டத்தைச் சொல்லிக் குறைக்கப் பார்க்கலாம். நாங்கள் செய்வது இப்படி: அட்வான்ஸை டிரஸ்ட் கணக்கிலிருந்து நேரே வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புகிறோம். வீடு காலி செய்யும்போது அது டிரஸ்ட்டுக்கே திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம். திரும்பி வருவது அடுத்த குடும்பத்துக்கு. முதல் மூன்று மாதம் முழு வாடகை நாங்கள், அடுத்த மூன்று மாதம் பாதி, பிறகு அவர்கள். ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதத்தில் திரும்பாத செலவு, பாய், அடுப்பு, பாத்திரம் சேர்த்து 26,000 ரூபாய் அளவில் வருகிறது.

"பிளாட்பாரத்துல இருந்து வர்றவங்களா?" என்று கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். பொய் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் பத்து நாளில் தெரிந்துவிடும். டிரஸ்ட் சாட்சிக் கையெழுத்துப் போடும், வாடகை வங்கியில் வரும் என்று சொல்லுங்கள். கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீருக்குத் தனியாக உண்டா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். முதல் சண்டை அதில்தான் வரும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்தில் பதிவும் செய்துவிட்டால் ரேஷன் அட்டைக்குக் கேள்வியே இல்லை.

10. போனில் சேமித்து வைக்க

குழந்தை தனியாகத் திரிந்தால் 1098. பெண்ணுக்கு ஆபத்து என்றால் 181. கைவிடப்பட்ட முதியவருக்கு 14567. உடம்பு முடியாதவருக்கு 108. சென்னை மாநகராட்சிக்கு 1913. சாலையோரம் மனநலம் குன்றியவரைப் பார்த்தால் சென்னைக் காவல்துறையின் 'காவல் கரங்கள்' குழுவை அழையுங்கள், நீங்களே வண்டியில் ஏற்றாதீர்கள்.

1913-க்கு மழைக்காலத்தில் அழைத்தால் புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் அதே எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் பேச்சு நகரும். அக்டோபர் பிறப்பதற்குள் யாருக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தச் சமுதாயக் கூடத்தில் இடம் என்று வார்டு அலுவலகத்தில் பேசி வைத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு இரவு பதினொரு மணிக்குப் பூட்டுச் சாவி தேடியிருக்கிறோம்.